மறுஒளிபரப்பும் பாடபேதமும்: பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்கள், மால்குடி, ஓர் எல்லையூரின் பார்வையாளர்கள்

பெங்களூருக்குத் தென்கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருப்பது ஆனேக்கல் வட்டம். நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் நிலம் இது. 1980களில் இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பம் தொலைக்காட்சியில் எதைப் பார்த்தது என்ற கேள்வி மிக எளியதாகத் தோன்றலாம். விடை அவ்வளவு எளிதன்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தின் தரைவழி அலை ஆனேக்கல் வரை வந்து சேராது. கூரைமேல் நட்ட ஆன்டெனா பெங்களூரையே நோக்கி நின்றது. மாலையில் கன்னடம், இரவில் தில்லியிலிருந்து வந்த இந்தியும் ஆங்கிலமும். 1982இல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் தொடங்கிய பின் இந்த ஒழுங்கு உறுதிப்பட்டது. 1993இல் செயற்கைக்கோள் வழியே தமிழ்த் தனியார் அலைவரிசை வரும்வரை, எல்லைக்கு இப்பால் வாழ்ந்த தமிழருக்கு வீட்டில் பேசும் மொழி பெட்டியில் பெரும்பாலும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்கள் நுழைந்தன. தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘யெஸ் மினிஸ்டர்’, ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ ஆகியவற்றை ஒரு தலைமுறை இன்றும் நினைவுகூர்கிறது. அதே காலத்தில், 1986இல், கன்னட இயக்குநர் ஒருவர் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் ஆங்கிலக் கதைகளை எடுத்து, பெரும்பாலோர் இந்தியில் பார்த்த ‘மால்குடி டேஸ்’ தொடரை உருவாக்கினார். இவை அனைத்தும் பின்னர் பலமுறை மறுஒளிபரப்பாயின. நினைவுகூர்வோர் பேசும்போது ஒரு முறையீடு திரும்பத் திரும்ப எழுகிறது: “அன்று பார்த்த காட்சி இன்று இல்லை.” இம்முறையீட்டைப் பழங்கால ஏக்கம் என்று ஒதுக்குவது எளிது. வரலாற்று மாணவர் அப்படி ஒதுக்கலாகாது.

தமிழ்ப் பதிப்பியல் பயின்றவர்களுக்கு இந்நிலை புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஊர்களின் ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஓர் ஏட்டில் உள்ள சொல் இன்னோர் ஏட்டில் இல்லை. ஓர் அடி விடுபட்டிருக்கும். வேறோர் அடி செருகப்பட்டிருக்கும். மறுஒளிபரப்பும் அத்தகையதே. ஒவ்வொரு மறுஒளிபரப்பும் ஒரு புதிய பதிப்பு. அதற்குப் பாடபேதங்கள் உண்டு. ஏட்டுச் சுவடிக்குக் காட்டும் கவனத்தைத் தொலைக்காட்சி நாடாவுக்கு நம் ஆய்வுலகம் இதுவரை காட்டியதில்லை.

*வெட்டு ஏன் விழுகிறது?*

முதற்காரணம் நேரம். பிபிசியில் விளம்பரம் இல்லை. ஆகவே அரைமணி நேர நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதி 29 நிமிடம் வரை ஓடும். விளம்பரம் வாங்கும் அலைவரிசை அதையே பின்னாளில் ஒளிபரப்பும்போது கணக்கு இடிக்கிறது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரமும் சுயவிளம்பரமும் இடம்பெறலாம். அரைமணிக்கு 6 நிமிடம் போக எஞ்சுவது 24. ஆகவே 29 நிமிடப் பகுதியில் 5 நிமிடம் குறைய வேண்டும். தூர்தர்ஷனின் பழைய ஆதரவாளர் முறையில் விளம்பரங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் வந்தன. எனவே பிற்காலத்துத் துல்லியமான திரையைவிட அன்றைய மங்கலான கறுப்பு வெள்ளைப் பெட்டியில் தொடர் முழுமையாக வந்திருக்க வாய்ப்பு மிகுதி.

அந்த 5 நிமிடம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். கதை அறுந்துவிடக் கூடாது என்பதால் கதைமுடிச்சில் எவரும் கை வைப்பதில்லை. சிறு பாத்திரத்தின் வருகை, கிளைக்கதையின் ஒரு காட்சி, பதில் சொல்லுமுன் நிலவும் மௌனம் ஆகியவையே முதலில் பலியாகின்றன. நகைச்சுவை வாழ்வதோ அந்த மௌனத்தில்தான். ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில் செயலர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி மூச்சு விடாமல் ஒரு நெடுந்தொடரைச் சொல்லி முடிப்பார். அமைச்சர் ஜிம் ஹாக்கர் ஒன்றும் புரியாமல் விழிப்பார். நெடுந்தொடரைச் சுருக்கினால் அதிகாரவர்க்கத்தின் மொழி பற்றிய எள்ளல் போய்விடும். விழிப்பைச் சுருக்கினால் சிரிப்பு போய்விடும்.

இரண்டாவது காரணம் ஒளிபரப்பும் வேளை. பிரித்தானியாவில் இரவு 9 மணிக்கு முன் குழந்தைகளுக்கு ஒவ்வாதவை வரக் கூடாது என்பது மரபு. இரவுக்கு எழுதப்பட்ட நாடகம் பிற்பகலில் மறுஒளிபரப்பாகும்போது வசவுகள் நீக்கப்படுகின்றன. மூன்றாவது, இசையுரிமை. ஒருமுறை ஒளிபரப்புக்கு மட்டும் உரிமை பெற்ற பாடல், பின்னாளில் வேறு இசையால் மாற்றப்படுகிறது. நான்காவது, திரையின் வடிவம். 4:3 அளவில் எடுத்த படத்தை 16:9 திரை நிரம்ப விரித்தால் உயரத்தில் கால்பங்கு வெட்டுப்படும். நடிகரின் கை என்ன செய்கிறது என்பது பல வேளைகளில் அந்தக் கால்பங்கில்தான் இருக்கும். ஒரு சொல்லும் நீக்கப்படாமலே பாடம் சிதைகிறது என்பதற்கு இது சான்று.

ஐந்தாவது காரணம் மனப்புண். இந்தியப் பார்வையாளருக்கு நேர்முகமாகத் தொடர்புடையது இதுவே.

*வெட்டப்பட்ட இந்தியர்கள்*

‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975இலும் 1979இலும் வந்தது; மொத்தம் 12 பகுதிகளே. அவற்றுள் ஒன்றான ‘த ஜெர்மன்ஸ்’ பகுதியில், ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் இந்திய, மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர்களை இனவசவுச் சொற்களால் குறிப்பிடுவார். 2013இல் பிபிசி மறுஒளிபரப்பு செய்தபோது அவ்வுரையாடல் நீக்கப்பட்டது. 2020 ஜூனில் யுகேடிவி அப்பகுதியையே தன் தளத்திலிருந்து எடுத்தது. எதிர்ப்பு எழவே எச்சரிக்கைக் குறிப்புடன் திரும்ப வைத்தது. நகைப்புக்கு உள்ளாவது மேஜரின் மனப்பாங்குதான் என்பது தொடரை எழுதிய ஜான் கிளீஸின் வாதம்.

இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வரலாற்று மாணவருக்கு மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: அந்த வசனம் நீங்கிய பிறகு, 1975இல் பிரித்தானிய வெகுமக்கள் தொலைக்காட்சி இந்தியரைப் பற்றி எதைச் சொல்ல முடிந்தது என்பதற்கான சான்று எங்கே இருக்கும்? வெட்டு புண்படுவோரைக் காக்கிறது. கூடவே, புண்படுத்தியவரின் தடயத்தையும் மறைத்துவிடுகிறது.

‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ தொடரின் நிலை இன்னும் கடினமானது. ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதிய இத்தொடர் 1974 முதல் 1981 வரை ஓடியது. களம், இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கால இந்தியா. மராட்டிய மண்ணின் தேவ்லாலிப் படைமுகாம். இந்தியப் பணியாளர் ரங்கி ராமாக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் ஜான்சியில் பிறந்தவர். உருது பேசத் தெரிந்தவர். ஆனால் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி நடித்தார். இன்று பிபிசி தன் அலைவரிசைகளில் இதை மறுஒளிபரப்புவதில்லை. இங்கே வெட்டு ஒரு வசனத்தில் விழவில்லை. முழு நூலே அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது.

‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ கதை இதற்கு நேர்மாறானது. வின்ஸ் பவல் எழுதி, லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தயாரித்து, 1977 முதல் 1979 வரை 29 பகுதிகள் ஒளிபரப்பாயின. மாலைநேர வகுப்பு ஒன்றில் பல நாட்டவர் ஆங்கிலம் கற்கிறார்கள். ஆசிரியர் ஜெரமி பிரவுன் திணறுகிறார். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். பாகிஸ்தானியராக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஒவ்வோர் இனத்தையும் ஒரே வார்ப்பில் காட்டுகிறது என்று கருதிய நிறுவன நிர்வாகி மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார்.

லண்டனில் அவமதிப்பாகக் கருதப்பட்ட அதே தொடர் இந்தியாவிலும் இலங்கையிலும் பெருவிருப்பத்துடன் பார்க்கப்பட்டது. 1993இல் அதைத் தழுவி, பங்கஜ் கபூர் நடிப்பில், ‘ஜபான் சம்பால்கே’ என்ற இந்தித் தொடரும் வந்தது. இம்முறை வகுப்பில் கற்பிக்கப்பட்டது இந்தி. தமிழர் உட்படப் பிற மாநிலத்தவர் அம்மொழியோடு மல்லுக்கட்டினர். கேலிக்கு உள்ளானவரே ஏன் சிரித்தார்? அயல்மொழி ஒன்றைப் பணிக்காகக் கற்கத் திணறும் அனுபவம் அவருடையது என்பதே ஒரு விடையாக இருக்கலாம். ஆனேக்கல் போன்ற ஊரில், வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம், பெட்டியில் இந்தி என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு ஜெரமி பிரவுனின் வகுப்பறை அவ்வளவு அந்நியமாகத் தோன்றியிராது. நாடுவிட்டு நாடு வந்த தொடரை நாம் எப்படிப் படித்தோம் என்பதும் ஒரு பாடபேதம்தான். அது நாடாவில் பதிவாவதில்லை.

‘யெஸ் மினிஸ்டர்’ கண்ட வரவேற்புக்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கோப்பு, குறிப்பு, ஒப்புதல் முறை நம் தலைமைச் செயலகங்களில் தொடர்ந்தது. 2001இல் அது ‘ஜி மந்திரிஜி’ என்று இந்தியில் மறுவாக்கம் பெற்றபோது, ஃபாரூக் ஷேக் அமைச்சராக நடித்தார். கதைகளை அடியோடு மாற்ற வேண்டிய தேவை எழவில்லை என்பதே நம் நிர்வாகத்தைப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு.

*அழிந்த நாடாக்கள்*

வெட்டப்பட்டது குறைந்தது மூலத்தில் இருக்கும் என்று நம்பலாம். மூலமே இல்லாதபோது?

காந்த நாடா விலை மிகுந்தது. 1970களின் இறுதிவரை பிபிசி தன் நாடாக்களை அழித்து அவற்றிலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற புகழ்பெற்ற தொடரின் 80 பகுதிகளுள் 3 இன்றும் கிடைக்கவில்லை. மூன்றும் 1969இல் ஒளிபரப்பானவை. காணாமற்போயிருந்த வேறு இரண்டு 2001இல் தனியாரிடமிருந்து மீண்டன. கிடைக்காத மூன்றனுள் ஒன்றின் ஒலி மட்டும் 2008இல் கிடைத்தது. அதற்கு அசைவுச் சித்திரம் சேர்த்து 2016இல் வெளியிட்டனர். ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொலைந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி எஞ்சியிருக்கிறது. காரணம், அன்றைய ரசிகர்கள் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்டதே. நிறுவனம் அழித்ததை ரசிகர் காத்தார்.

நாடாவை அழித்து மீளப் பயன்படுத்தும் வழக்கம் தூர்தர்ஷனிலும் இருந்தது. அதன் தொடக்ககால நிகழ்ச்சிகளில் எஞ்சியவை குறைவு. நம் நாட்டிலும் வீட்டு விஎச்எஸ் நாடாக்கள் சிலவற்றைக் காத்தன; ஆனால் ஈரமும் பூஞ்சணமும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. கரையான் அரித்த ஏட்டுக்கும் பூஞ்சணம் பிடித்த நாடாவுக்கும் பெரிய வேறுபாடில்லை.

*மால்குடியின் பல பாடங்கள்*

பிரித்தானிய ‘நகைச்சுவை நாடகம்’ என்ற வகைக்கு நம்மிடையே மிக நெருங்கியது ‘மால்குடி டேஸ்’. வெடிச்சிரிப்பு இல்லை, பின்னணியில் கூட்டம் சிரிக்கும் ஒலி இல்லை, சிரிப்பின் அடியில் ஒரு துயரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.கே. நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். 1930இல் பெங்களூரில் இருந்தபோது அவர் மனத்தில் மால்குடி தோன்றியது. முதல் நாவல் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ கிரகாம் கிரீனின் பரிந்துரையால் 1935இல் லண்டனில் வெளியாயிற்று. ஆக, மால்குடியின் முதல் வாசகர்களே ஆங்கிலேயர்கள்.

டி.எஸ். நரசிம்மன் தயாரிக்க, சங்கர் நாக் இயக்கிய தொடர் 39 பகுதிகள் கொண்டது. முதல் 13 பகுதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எடுக்கப்பட்டன. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத்; அவன் தந்தையாக கிரீஷ் கர்னாட்; மிட்டாய்க் கடை ஜகனாக அனந்த் நாக். ஓவியங்களை நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தார். இன்றும் பலர் முணுமுணுக்கும் தலைப்பிசையை அமைத்தவர் தமிழரான எல். வைத்தியநாதன்.

இத்தொடரை ஒரு பதிப்பாசிரியர் கண்ணால் பார்த்தால் அடுக்கடுக்காகப் பாடங்கள் விரியும். நாராயணின் மால்குடி சரயு ஆறு ஓடும், வெயில் காயும் ஒரு சமவெளி ஊர். சங்கர் நாக் அதை மலைநாட்டு ஆகும்பேயில், மழையும் ஓடும் பசுமையும் சூழ நிறுத்தினார். இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நாராயண் முன்பே கசப்புடன் அறிந்திருந்தார். 1965இல் வந்த ‘கைடு’ திரைப்படம் தன் கதையை ராஜஸ்தானுக்குக் கொண்டுசென்றதைப் பற்றி எள்ளலான கட்டுரை ஒன்றை எழுதியவர் அவர். தொலைக்காட்சித் தொடரோ கர்நாடகத்தை விட்டு வெளியேறவில்லை. ஆயினும் கதைமாந்தர் பேசியது இந்தி. தமிழ் எழுத்தாளர், ஆங்கில நூல், கன்னட இயக்குநர், மலைநாட்டுத் தெரு, இந்தி உரையாடல். ஆனேக்கலின் தமிழ்க் குழந்தைக்குச் சுவாமியின் வேட்டியும் பள்ளிக்கூடமும் பாட்டியும் தன் வீட்டுடையவை. சொற்கள் மட்டும் தன்னுடையவை அல்ல.

பிந்தைய மறுஒளிபரப்புகளில் பெரிதும் வலம்வந்தது இந்தி வடிவமே. ஆங்கில வடிவம் நிழலுக்குள் போயிற்று. 1990 செப்டம்பர் 30 அன்று சங்கர் நாக் தாவணகெரே அருகே சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. 2006இல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் மேலும் 15 பகுதிகள் சேர்ந்தன. இரண்டு இயக்குநர்களின் ஆக்கங்கள் இன்று ஒரே தலைப்பின்கீழ் வழங்குகின்றன. பழைய நூலின் பிற்சேர்க்கையைப் போல, எது எப்போது சேர்ந்தது என்று குறித்துவைக்காவிட்டால் அடுத்த தலைமுறை இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும்.

நினைவும் தன் பங்குக்கு வெட்டித் தொகுக்கிறது. ‘மால்குடி டேஸ்’ என்றதும் பலருக்கும் சுவாமி மட்டுமே நினைவுக்கு வருகிறான். சுவாமியின் கதை தொடரின் ஒரு பகுதியே என்பது மறந்துவிடுகிறது. தொடர் படமாக்கப்பட்ட இடங்களுள் ஒன்றான சிவமொக்கா மாவட்டத்து அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகமாயிற்று. கற்பனை ஊருக்கு ஓர் உண்மை நிலையம் கிடைத்தது. நூலில் இருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து நிலத்துக்கும் மால்குடி இடம்பெயர்ந்த வரலாறு இது. நூலின் வரிகளைவிட ஒளிபரப்பின் நினைவு வலிமை பெற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

*நினைவு என்னும் ஏடு*

ரசிகரின் நினைவு பிழைபடும். ஆண்டு மாறும், இரண்டு காட்சிகள் ஒன்றாகும், பார்த்ததும் கேட்டதும் கலக்கும். ஏட்டை எழுதியவரும் பிழைபட்டார். அதற்காக எவரும் ஏட்டை எறியவில்லை, மற்ற ஏடுகளோடு ஒப்பிட்டனர். அதே முறை இங்கும் பொருந்தும். ஒரு தொடரைப் பற்றி எழுதும் ஆய்வாளர் எந்த ஒளிபரப்பை, எந்த மொழியில், எந்த ஆண்டில், எத்தனை நிமிட வடிவில் பார்த்தார் என்று குறிப்பிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒரு வடிவத்தை மூலம் என்று கொள்வது, கையில் அகப்பட்ட முதல் ஏட்டையே மூலபாடம் என்று அச்சிடுவதற்கு ஒப்பாகும். “இந்தக் காட்சி முன்பு நீளமாக இருந்தது” என்று ஒருவர் சொன்னால், அதைப் பாடபேதக் குறிப்பாகப் பதிந்து, வேறு சான்று கிடைக்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

இதில் எல்லையூர்களுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்த் தொலைக்காட்சி வரலாறு சென்னையிலிருந்து எழுதப்படுகிறது. கன்னடத் தொலைக்காட்சி வரலாறு பெங்களூரிலிருந்து எழுதப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, கன்னட அலையில் இந்திக் குரலில் ஒரு தமிழரின் கதையைப் பார்த்த ஆனேக்கல் தமிழர் இரண்டு வரலாற்றிலும் இல்லை. எந்த நாடாவும் அவர்களைப் பதியவில்லை. அன்று பத்து வயதில் அண்டை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இன்று ஏறத்தாழ ஐம்பது வயது. அவரைக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, பொருள் விளங்காத வசனங்களுக்குத் தமிழில் விளக்கம் சொன்ன பெரியவர்கள் எண்பதை எட்டியிருப்பார்கள். அந்தப் பெரியவர் எதற்குச் சிரித்தார், எதைத் தவறாக மொழிபெயர்த்தார், எதைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்டார் என்பது எந்த ஆவணக்காப்பகத்திலும் கிடைக்காது. அதுவும் ஒரு தொகுப்புப் பணியே. ஒளிபரப்பான அந்த நொடியிலேயே நிகழ்ந்த முதல் வெட்டு.

பிரித்தானிய நாடாக்களைத் தேட அங்கே ரசிகர் குழுக்கள் உண்டு, நிறுவனங்கள் உண்டு. அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் ஆனேக்கலிலும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க, முதுகலை மாணவர் ஒருவருக்கு ஒரு குறிப்பேடும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். காலம்தான் குறைவு.